பூட்லெக்கர்: ஒரு சொல்லின் காலும் கருணாபுரத்தின் சாவுகளும்

தமிழ்நாட்டில் ‘குண்டர் சட்டம்’ என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டத்துக்கு மிக நீண்ட பெயர் உண்டு. அந்தப் பெயரில் குண்டர்கள் முதலில் வருவதில்லை. முதலில் வருபவர் ‘பூட்லெக்கர்’. அவருக்குப் பின்னர்தான் போதைமருந்துக் குற்றவாளி, குண்டர், பாலியல் தொழில் குற்றவாளி, குடிசைப்பகுதி நில அபகரிப்பாளர் ஆகியோர் வரிசையில் நிற்கிறார்கள். பிற்காலத் திருத்தங்களால் வனக் குற்றவாளி, காணொளித் திருடர், மணல் குற்றவாளி, பாலியல் குற்றவாளி, இணையவழிக் குற்றவாளி என்று பட்டியல் நீண்டது. வரிசையின் தலையில் நிற்கும் சொல் மட்டும் மாறவில்லை.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தபோது இந்தச் சொல் மீண்டும் செய்திகளில் நிறைந்தது. ஆங்கில ஏடுகள் ‘பூட்லெக்கர்’ என்று எழுதின. தமிழ் ஏடுகள் ‘கள்ளச்சாராய வியாபாரி’ என்று எழுதின. இரண்டு சொற்களும் ஒன்றையே குறிப்பதாக நாம் எடுத்துக்கொள்கிறோம். அவை எங்கிருந்து வந்தன, எதைக் காட்டுகின்றன, எதை மறைக்கின்றன என்று இக்கட்டுரையில் பார்க்கிறோம். இறந்தவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள், அன்றாடக் கூலிகள். அவர்களின் சாவு எந்தச் சொல்லால் எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்தே அதற்குப் பொறுப்பானவர் யார் என்பதும் தீர்மானிக்கப்படுகிறது.

இரு சொற்கள், மூன்றாவது ஆள்

‘பூட்லெக்’ என்பது ‘பூட்’, ‘லெக்’ என்னும் இரு சொற்களின் கூட்டு. ‘பூட்’ பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. ‘லெக்’ வடஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இந்தக் கூட்டுச்சொல்லுக்கு எந்தக் குற்றப்பொருளும் கிடையாது. முழங்கால் வரை உயர்ந்த தோல் காலணியில், கணுக்காலுக்கு மேல் காலைச் சுற்றி நிற்கும் குழல் போன்ற பகுதிக்கு அது பெயர். அவ்வளவுதான்.

தமிழ் இலக்கணத்தின் கண்கொண்டு பார்த்தால் இது ஆறாம் வேற்றுமைத் தொகை: காலணியினது கால். காலணியின் அந்தப் பகுதி அகலமானது, வெளியே தெரியாதது. கத்தியையும் துப்பாக்கியையும் அதில் செருகி வைத்தார்கள். பின்னர் தட்டையான சாராயக் குப்பியைச் செருகினார்கள். 1880களில் அமெரிக்காவின் கான்சாஸ், ஓக்லஹோமா பகுதிகளில் அப்படிக் குப்பியை மறைத்து எடுத்துச் சென்று சட்டவிரோதமாக விற்றவருக்கு ‘பூட்லெக்கர்’ என்று பெயர் வந்தது. அவர் விற்ற சரக்கும் ‘பூட்லெக்’ ஆனது. காலணியும் காலும் சேர்ந்து, இரண்டுமல்லாத மூன்றாவது பொருளைக் குறிக்கத் தொடங்கின. நம் இலக்கணம் இதை அன்மொழித் தொகை என்று அழைக்கும். சொல்லில் உள்ள எந்த உறுப்பும் சரக்கைச் சொல்லவில்லை, விற்றவரைச் சொல்லவில்லை, வாங்கிக் குடித்தவரையும் சொல்லவில்லை. அது சொல்வது ஒளித்து வைத்த இடத்தை மட்டுமே.

யாருக்கு விற்கக் கூடாது என்றது சட்டம்?

ஒளித்து எடுத்துச் செல்ல வேண்டிய தேவை ஏன் வந்தது? கான்சாஸ் மாநிலம் 1880களின் தொடக்கத்திலேயே மதுவிலக்கைக் கொண்டுவந்துவிட்டது. அதன் தெற்கே இருந்தது, பூர்வகுடி மக்களை அவர்களின் சொந்த நிலங்களிலிருந்து துரத்திக் கொண்டுவந்து குடியேற்றிய ‘இந்தியப் பிரதேசம்’, பிற்காலத்து ஓக்லஹோமா. பூர்வகுடிகளின் நிலப்பகுதிக்குள் மது விற்பதை அமெரிக்க அரசு 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே தடை செய்தது. 1834ஆம் ஆண்டுச் சட்டம் அத்தடையை உறுதிப்படுத்தியது. பூர்வகுடிகளுக்கு மது விற்கக் கூடாது என்னும் கூட்டாட்சிச் சட்டம் 1953 வரை நீடித்தது. நாடு முழுவதற்குமான மதுவிலக்கு 1920இல் வந்து 1933இல் போய்விட்டது. வெள்ளையருக்கு விலக்கு நீங்கிய பின்னும் இருபது ஆண்டுகள் பூர்வகுடிகளுக்கு அது நீங்கவில்லை.

குடியைக் கட்டுப்படுத்தத் தெரியாத மக்கள் என்று ஓர் இனத்தையே முத்திரை குத்திய சட்டம் அது. நிலத்தைப் பறித்தவர்கள், உடன்படிக்கைகளை மீறியவர்கள், விஸ்கியைப் பண்டமாற்றாகக் கொடுத்துத் தோல்களை வாங்கிக் குவித்த வணிக நிறுவனங்கள் என்று பெரிய கைகள் பல இருந்தன. மொழியில் நிலைத்த பெயரோ, குப்பியைக் காலணியில் செருகிக்கொண்டு எல்லை தாண்டிய சில்லறை விற்பனையாளரின் பெயர்தான். சங்கிலியின் கடைசிக் கண்ணி பெயர் பெற்றது. முதல் கண்ணி பெயரில்லாமல் தப்பியது. கருணாபுரத்தைப் பேசும்போது இதை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

குடித்தவரின் கால்

அமெரிக்க மதுவிலக்குக் காலத்தில் ‘லெக்’ என்ற சொல்லைக் கொண்டு இன்னொரு கூட்டுச்சொல்லும் பிறந்தது: ‘ஜேக் லெக்’. ஜமைக்கா இஞ்சிச் சாறு என்ற பெயரில் மருந்துக் கடைகளில் விற்ற திரவம் ஒன்றை மக்கள் ‘ஜேக்’ என்று அழைத்தார்கள். அதில் சாராயச் சத்து மிகுதி, விலையோ குறைவு. மது கிடைக்காத ஏழைகள் அதைக் குடித்தார்கள். அரசுச் சோதனையிலிருந்து தப்புவதற்காக, பாஸ்டன் நகரத் தயாரிப்பாளர்கள் அதில் தொழிற்சாலைகளில் பயன்படும் வேதிப்பொருள் ஒன்றைக் கலந்தார்கள். அது நரம்புகளைத் தாக்கும் நஞ்சு. 1930இல் பல்லாயிரக்கணக்கானோரின் கால்கள் செயலிழந்தன. பாதத்தைத் தூக்க முடியாமல் தரையில் அடித்து நடக்கும் அந்த நடைக்குத்தான் ‘ஜேக் லெக்’ என்று பெயர். தயாரிப்பாளர்களுக்கு முதலில் கிடைத்த தண்டனை அபராதமும், நிறுத்தி வைக்கப்பட்ட இரண்டாண்டுச் சிறையும் மட்டுமே.

‘பூட்லெக்’ என்பதில் இருப்பது விற்றவரின் கால். ‘ஜேக் லெக்’ என்பதில் இருப்பது குடித்தவரின் கால். விற்றவரின் கால் உலகெங்கும் பரவிச் சட்டப் புத்தகங்களில் ஏறிவிட்டது. குடித்தவரின் முடங்கிய கால் கேலிப் பொருளாகி மறக்கப்பட்டது. பெயர் சூட்டும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, அவர் பார்வையிலிருந்தே பெயரும் பிறக்கிறது.

அதே காலத்தில் அமெரிக்க அரசும் ஒரு காரியம் செய்தது. தொழிற்சாலைகளுக்கான சாராயத்தை யாரும் குடிக்காமலிருக்க அதில் மெத்தனாலைக் கலக்க வேண்டும் என்பது விதி. 1920களின் பிற்பகுதியில் அந்த அளவைக் கூட்டினார்கள். அதைத் திருடிச் சுத்திகரித்து விற்றவர்களால் பலர் இறந்தனர். வசதி படைத்தவர்களுக்குக் கனடாவிலிருந்து நல்ல விஸ்கி வந்தது. மெத்தனால் ஏழைகளுக்கு வந்தது.

இந்தியச் சட்டத்துக்குள் வந்த காலணி

இந்தச் சொல் இந்திய மாநிலங்களின் தடுப்புக் காவல் சட்டங்களில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறியது: மகாராட்டிரத்தில் 1981, தமிழ்நாட்டில் 1982, கர்நாடகத்திலும் குஜராத்திலும் 1985, ஆந்திரத்தில் 1986. தமிழ்நாட்டுச் சட்டத்தின் வரையறையை வாசிப்பவருக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. மதுவிலக்குச் சட்டத்துக்கு மாறாகச் சாராயத்தைக் காய்ச்சுபவர், சேமிப்பவர், கடத்துபவர், விற்பவர் மட்டும் அதன்படி ‘பூட்லெக்கர்’ அல்லர். தெரிந்தே அதற்குப் பணம் போடுபவர், வண்டி கொடுப்பவர், கால்நடை கொடுப்பவர், பாத்திரமோ வேறு பொருளோ கொடுப்பவர், எவ்வகையிலேனும் உடந்தையாக இருப்பவர் ஆகிய அனைவரும் ‘பூட்லெக்கர்’தான். சட்டத்தின் சொற்படி முதலீட்டாளருக்கும் அந்தப் பெயர் பொருந்தும். உடந்தையாயிருக்கும் அதிகாரிக்கும் பொருந்தும்.

வரையறை இவ்வளவு அகலமானது. நம் மனத்தில் அந்தச் சொல் எழுப்பும் உருவம் அவ்வளவு அகலமானதா? ‘கள்ளச்சாராய வியாபாரி’ என்றதும் நம் கண்முன் வருவது சேரியின் ஒரு குடிசை வாசலில் பாக்கெட் விற்பவரும், மலையடிவாரத்தில் லாரி டியூபைத் தோளில் சுமந்து வருபவரும்தான். மெத்தனால் கிடங்கின் உரிமையாளர் வருவதில்லை. காலணிக்குள் குப்பியைச் செருகிய ஆளின் சித்திரம் 140 ஆண்டுகளாகச் சொல்லுடன் ஒட்டிக்கொண்டு வருகிறது. சட்டம் எவ்வளவு விரித்தாலும் சொல் சுருக்கிவிடுகிறது.

இச்சட்டத்தின் கீழ் ஒருவரை விசாரணையின்றி 12 மாதங்கள் வரை அடைத்து வைக்கலாம். சாதாரணக் குற்றவியல் சட்டம் ஒரு செயலைத் தண்டிக்கிறது; தடுப்புக் காவல் சட்டம் ஒருவகை ஆளை அடைக்கிறது. ‘இன்னதைச் செய்தார்’ என்பது பின்னுக்குப் போய், ‘இன்னார்’ என்பது முன்னுக்கு வருகிறது. ஆட்களை வகை பிரித்துக் குற்றவாளிகளாகப் பெயரிடும் பழக்கம் நம் மண்ணுக்குப் புதிதன்று. 1871ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம் பிறப்பின் அடிப்படையில் சமூகங்களையே குற்றவாளிகள் என்று பதிவு செய்தது. அம்மக்கள் 1952இல் அந்தப் பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட்டனர். பட்டியல் போயிற்று, பட்டியலிடும் மனம் போகவில்லை.

‘கள்ள’ என்னும் முன்னொட்டு

தமிழ்ச்சொல்லுக்கு வருவோம். ‘கள்ளம்’ என்பதற்குத் திருட்டு, வஞ்சனை, மறைப்பு என்று பொருள். அது வேறொரு சொல்லின் முன் வந்து நிற்கும்போது இரு வேறு பொருள்களைத் தருகிறது. ‘கள்ள நோட்டு’ என்பது நோட்டே அன்று. நோட்டைப் போன்ற போலி. ‘கள்ளச்சந்தை’ என்பது உண்மையான சந்தைதான், அனுமதியில்லாத சந்தை. முதலாவது பொருளின் தன்மையைச் சொல்கிறது. இரண்டாவது அரசின் அனுமதியைப் பற்றிச் சொல்கிறது.

‘கள்ளச்சாராயம்’ இதில் எந்த வகை? மலையில் வெல்லத்தையும் பட்டையையும் கடுக்காயையும் ஊறப்போட்டுக் காய்ச்சி வடித்தது சாராயம்தான். உரிமம் இல்லாததால் அது ‘கள்ள’ச் சாராயம், ‘கள்ளச்சந்தை’யின் வகை. கருணாபுரத்துக்கு வந்ததோ வேறு. அது ஊறவில்லை, காய்ச்சப்படவில்லை. தொழிற்சாலை மெத்தனாலில் தண்ணீர் கலந்தது. அது ‘கள்ள நோட்டு’ வகை. சாராயம் என்ற பெயரில் விற்கப்பட்ட, சாராயமே அல்லாத நஞ்சு. இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்ததில் பெரும் குழப்பம் நேர்ந்தது. உரிமமின்மையும் கொலையும் ஒரே பெயருக்குள் அடைபட்டன.

இந்த முன்னொட்டு மனிதர்கள் மேலும் ஒட்டப்பட்டிருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த மலையகத் தமிழர்களைக் ‘கள்ளத்தோணி’ என்று இழித்துரைத்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் தமிழ்நாட்டின் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து சென்றவர்கள். அவர்களைக் கூட்டிச் சென்றது பிரித்தானியத் தோட்ட முதலாளிகளின் கங்காணி முறை. தோணி என்னும் பெயர் கூலிகள் மேல் விழுந்தது. தோட்டம் வைத்தவர்கள்மேல் ‘கள்ள’ என்னும் எழுத்துகள் ஒருபோதும் விழவில்லை.

மரத்தின் மது

கருணாபுரத்தில் கொன்ற பொருளின் பெயரும் ஒரு கூட்டுச்சொல்லிலிருந்தே பிறந்தது. 1834இல் டூமா, பெலிகோ என்னும் பிரெஞ்சு வேதியியலாளர்கள் இருவர், கிரேக்க மொழியில் மதுவைக் குறிக்கும் ‘மெத்தி’ என்ற சொல்லையும், மரத்தைக் குறிக்கும் ‘ஹூலே’ என்ற சொல்லையும் சேர்த்து ‘மெத்திலீன்’ என்ற பெயரை உருவாக்கினார்கள். அதிலிருந்து ‘மெத்தில்’, ‘மெத்தனால்’ ஆகியவை வந்தன. மரத்தை மூடிய கலத்தில் சூடாக்கி அந்தத் திரவத்தை எடுத்த காலம் அது. ‘மரத்தின் மது’ என்பதே பெயரின் பொருள். பெயரிலேயே மது இருப்பதால் ஏமாற்றமும் உடன்பிறந்துவிட்டது. நிறத்தில், மணத்தில், முதல் மயக்கத்தில் அது எத்தனாலைப் போன்றதே.

வேறுபாடு உடலுக்குள் தெரியும். கல்லீரல் எத்தனாலைச் சிதைக்கும் அதே நொதியால் மெத்தனாலையும் சிதைக்கிறது. அதிலிருந்து முதலில் பார்மால்டிஹைடு, பின்னர் பார்மிக் அமிலம் உருவாகின்றன. பார்மிக் அமிலம் செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது, இரத்தத்தை அமிலமாக்குகிறது, பார்வை நரம்பை அழிக்கிறது. குடித்த உடனே இவை நிகழ்வதில்லை. பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் வயிற்றுவலி, வாந்தி, மூச்சுத்திணறல், கண் மங்கல் என்று தொடங்கும். அந்த இடைவெளியில்தான் உயிர் இருக்கிறது. நொதியைத் தடுக்கும் ‘போமெபிசோல்’ என்னும் மருந்தையோ, அது இல்லாவிட்டால் மருத்துவக் கண்காணிப்பில் எத்தனாலையோ கொடுத்து, டயாலிசிஸ் மூலம் நஞ்சை வெளியேற்றினால் பலரைக் காப்பாற்ற முடியும்.

இங்கே பெயர் என்பது மருந்தாகிறது. ‘மெத்தனால்’ என்ற சொல் உரிய நேரத்தில் உரக்கச் சொல்லப்பட்டிருந்தால், அதே சரக்கைக் குடித்துவிட்டு இன்னும் அறிகுறி தெரியாமல் வீட்டில் இருந்தவர்கள் மருத்துவமனைக்கு ஓடியிருப்பார்கள். 2024 ஜூன் 19 அன்று முதல் சாவுகள் வெளியே தெரிந்தபோது, அவற்றுக்குச் சாராயம் காரணமில்லை என்ற விளக்கமே மாவட்ட நிர்வாகத்தின் தரப்பிலிருந்து முதலில் வந்தது. அதன்பின் கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று மருத்துவமனைகள் நிரம்பின. மாவட்ட ஆட்சியர் மாற்றப்பட்டார்; காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். இழந்த மணி நேரங்கள் திரும்பி வரவில்லை. சேரியில் ஒருவர் வயிற்றுவலியால் செத்தார் என்றால் அதை நம்புவதற்கு நிர்வாகத்துக்கு அதிக ஆதாரம் தேவைப்படுவதில்லை.

கருணாபுரம் காட்டுக்குள் இருக்கும் ஊரன்று. மாவட்டத் தலைநகரின் நடுவில், காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. மெத்தனாலும் அனுமதியின்றி நடமாடும் பொருளன்று. அதை வைத்திருக்கவும் கொண்டுசெல்லவும் விற்கவும் உரிமம் வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டு முதல் தனி விதிகளே உள்ளன. அவற்றை நடைமுறைப்படுத்துவது மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறை. ஒவ்வொரு லிட்டருக்கும் கணக்கு இருக்க வேண்டிய பொருள் அது. கணக்கிலிருந்து கழன்ற மெத்தனால் கருணாபுரத்தின் பாக்கெட்டுக்குள் வரும் வரை எத்தனை கையெழுத்துகளைக் கடந்தது என்பதே விசாரணையின் மையக் கேள்வியாக இருக்க வேண்டும். காலணிக்குள் மறையக்கூடிய அளவன்று அது.

ஒரு மலைக்குப் பெயர் சூட்டுதல்

கருணாபுரத்தின் சாவுகளுக்குப் பிறகு எல்லோருடைய விரலும் கல்வராயன் மலையை நோக்கி நீண்டது. காவல்துறைப் படைகள் மலையேறின. ‘ஆயிரக்கணக்கான லிட்டர் சாராய ஊறல் அழிப்பு’ என்ற செய்திகள் நாள்தோறும் வந்தன. பிளாஸ்டிக் பேரல்கள் கவிழ்க்கப்படும் படங்கள் வெளியாயின. அந்த மலையில் சாராயம் காய்ச்சப்படுகிறது என்பது உண்மை. அதை நாம் மறைக்கவோ புகழவோ வேண்டியதில்லை. ஆனால் வெல்லமும் பட்டையும் நொதித்து வருவது எத்தனால். கருணாபுரத்தில் கொன்றது மெத்தனால். மலையின் ஊறலுக்கும் நகரத்தின் சாவுக்கும் இடையே வேதியியல் தொடர்பு இல்லை. சொல் தொடர்பு மட்டுமே இருக்கிறது. ‘கள்ளச்சாராயம்’ என்ற ஒரே பெயர் இரண்டையும் பிணைத்து, தொழிற்சாலைக் கிடங்கை நோக்கித் திரும்ப வேண்டிய கண்களை மலையை நோக்கித் திருப்பியது.

கல்வராயன் மலையில் பெரும்பான்மையாக வாழ்பவர்கள் மலையாளி என்னும் பழங்குடியினர். இங்கு ‘மலையாளி’ என்பது மலையை ஆள்பவர் என்று பொருள்படும் பெயர், கேரளத்தவரைக் குறிப்பதன்று. மலையை ஆள்பவர் என்று பெயர் கொண்டவர்கள் நெடுங்காலம் ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தார்கள். நாடு விடுதலை பெற்று ஏறக்குறைய மூன்று பத்தாண்டுகள் கழித்து, 1976இல்தான் அந்த ஜாகீர்கள் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தன. சாலை, பள்ளி, மருத்துவமனை, நிலப்பட்டா, சாதிச் சான்றிதழ் ஆகிய எல்லாம் அங்கே தாமதமாகவே வந்தன. பல கிராமங்களுக்கு இன்னும் முழுமையாக வரவில்லை. வனத்தின் மீதான உரிமை சுருங்கி, விளைச்சலுக்கு விலை கிடைக்காத இடத்தில், கீழே இறங்கிக் கூலிக்குப் போவதும் மேலே ஊறல் போடுவதுமே வழியாகிறது. ஊறலுக்கு வெல்லம் கடன் கொடுப்பவரும், வடித்ததை வாங்கி இறக்குபவரும் மலைக்குக் கீழே இருக்கிறார்கள். வழக்கு மட்டும் மேலே போகிறது.

பழங்குடி உழைப்பாளிக்குக் குற்றப்பெயர் சூட்டப்பட்டது இது முதல் முறையன்று. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் தமிழ்நாட்டின் வடமாவட்டங்களிலிருந்து மரம் வெட்டும் கூலிக்குச் சென்றவர்கள். மலையாளிப் பழங்குடியினரும் அவர்களில் இருந்தனர். செய்திகளில் அவர்கள் ‘கடத்தல்காரர்கள்’ ஆனார்கள். செம்மரத்தைக் கப்பலேற்றிக் கோடிகள் ஈட்டியவர்கள் அந்தக் காட்டில் இல்லை. அங்கே இருந்தவை கோடரி பிடித்த கைகள் மட்டுமே.

கருணாபுரத்துக்குப் பின் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. சாலைகளையும் பேருந்தையும் மருத்துவ வசதியையும் பற்றி அரசிடம் கேள்விகள் கேட்டது. இது வரவேற்கத்தக்கது. ஆனாலும் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்: அந்த மக்களின் சாலைக்கான உரிமை, சாராயத்தைப் பற்றிய பேச்சின் துணைவிளைவாக நினைக்கப்பட வேண்டியதன்று. ஒருவர் சாராயம் காய்ச்சாமல் இருப்பதற்காக அவருக்குப் பள்ளிக்கூடம் கொடுக்கிறோம் என்பது சலுகையின் மொழி. குடிமகள், குடிமகன் என்பதால் கொடுக்கிறோம் என்பதுதான் அரசியலமைப்பின் மொழி.

‘குடித்து இறந்தனர்’

கருணாபுரம் பற்றிய செய்திகளில் மிகுதியாக வந்த வாக்கிய அமைப்பு ‘கள்ளச்சாராயம் குடித்து இறந்தனர்’ என்பது. இந்த வாக்கியத்தில் இரண்டு வினைகள் உள்ளன: குடித்தல், இறத்தல். இரண்டுக்கும் எழுவாய் இறந்தவர்களே. கலந்தவர் இல்லை, விற்றவர் இல்லை, விட்டுவைத்தவர் இல்லை. கலப்பட எண்ணெயால் மக்கள் இறந்தால் ‘எண்ணெய் தின்று இறந்தனர்’ என்று எழுதி நிறுத்திக்கொள்வோமா? யார் கலப்படம் செய்தார் என்று உடனே கேட்போம். இங்கே கேட்கவிடாமல் தடுப்பது ‘குடி’ என்னும் சொல்லின் மேல் படிந்துள்ள ஒழுக்கத் தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பின் விளைவை நாம் கண்டோம். இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அரசு தலா 10 லட்சம் ரூபாய் அறிவித்தபோது, ‘குடித்துச் செத்தவர்களுக்குப் பத்து லட்சமா?’ என்ற கேள்வி சமூக ஊடகங்களில் பரவியது. இழப்பீட்டை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் தொடரப்பட்டது. இதே மாநிலத்தில் அரசு நிறுவனமான டாஸ்மாக் 2003 முதல் சில்லறை மது விற்பனையைத் தன் கையில் வைத்திருக்கிறது. அங்கே வாங்கிக் குடிப்பவர் அரசுக்கு வருவாய் தருபவர். அந்தக் குவார்ட்டரின் விலை கட்டுப்படியாகாமல் பாதிக்கும் குறைவான விலையில் பாக்கெட் வாங்கியவர் ஒழுக்கம் கெட்டவர். இருவருக்கும் இடையே உள்ள வேறுபாடு குணத்தில் இல்லை. கையிலிருந்த ரூபாயில் இருக்கிறது.

நாள் முழுதும் மூட்டை தூக்கியவரும், சாக்கடையில் இறங்கியவரும், செங்கல் சுமந்தவரும் வலி மறக்கக் குடிக்கிறார்கள் என்று சொல்வதும் முழு உண்மை ஆகாது. இறந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள், அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காரணம் இருந்திருக்கும். நாம் அந்தக் காரணங்களைத் தேடி நியாயப்படுத்த வேண்டியதில்லை. ஒருவர் ஏன் குடித்தார் என்பது, அவருக்கு நஞ்சைக் கொடுத்தவரின் குற்றத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாது.

சொல்லை நேராக்குதல்

சட்டம் கடுமையாகிவிட்டது. 2024 ஜூன் இறுதியில் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தம், சாவுக்குக் காரணமாகும் கள்ளச்சாராயக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனையும் 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கிறது. ஓய்வுபெற்ற நீதிபதி பி. கோகுல்தாஸ் தலைமையில் ஒரு நபர் ஆணையம் அமைக்கப்பட்டது. 2024 நவம்பரில் உயர் நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது. 2023 மே மாதத்திலும் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே மெத்தனால் 20க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அப்போதும் கைதுகள் நடந்தன, குண்டர் சட்டம் பேசப்பட்டது, ஊறல்கள் கவிழ்க்கப்பட்டன. ஓராண்டு கழித்துக் கருணாபுரம் நிகழ்ந்தது. தண்டனையின் அளவைக் கூட்டுவதால் மட்டும் பயனில்லை. அது யார்மேல் விழுகிறது என்பதே முக்கியம்.

எனவே நாம் கேட்பவை சொல்லளவிலும் செயலளவிலும் இவை. மெத்தனால் சாவுகளை ‘மெத்தனால் நச்சுக்கொலை’ என்றே எழுத வேண்டும். உரிமமில்லாச் சாராயத்தையும் தொழிற்சாலை நஞ்சையும் ஒரே சொல்லில் அடைக்கக் கூடாது. ‘குடித்து இறந்தனர்’ என்பதற்கு மாறாக ‘நஞ்சு விற்கப்பட்டு இறந்தனர்’ என்று எழுதினால் அடுத்த வரியிலேயே ‘விற்றது யார், கலந்தது யார், கிடங்கு யாருடையது?’ என்ற கேள்வி தானாக எழும். மெத்தனால் உரிமங்களின் இருப்புக் கணக்கைப் பொதுவெளியில் வைக்க வேண்டும். 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் ‘பூட்லெக்கர்’ வரையறையில் பணம் போட்டவரும் உடந்தையாயிருந்தவரும் இருக்கிறார்கள் என்றால், அந்த வரையறையின் கீழ் இதுவரை அடைக்கப்பட்டவர்களில் பணம் போட்டவர்கள் எத்தனை பேர், பாக்கெட் விற்றவர்கள் எத்தனை பேர், அவர்கள் எந்தச் சமூகத்தினர் என்ற கணக்கை அரசு வெளியிட வேண்டும். ஒவ்வொரு வட்டார அரசு மருத்துவமனையிலும் மெத்தனால் முறிமருந்தும், அதை ஐயப்படும் பயிற்சியும் இருக்க வேண்டும். கல்வராயன் மலையில் நில உரிமையும் வன உரிமையும் சாராயப் பேச்சைச் சாராமல் நிறைவேற வேண்டும்.

குப்பி காலணிக்குள் மறைந்திருந்த காலத்தில், அதைத் தேடியவர்கள் நடந்து வந்தவரின் காலைப் பார்த்தார்கள். இன்று நஞ்சு வருவது தொட்டி லாரியில், உரிமத்துடன், கணக்குப் புத்தகத்தின் வழியாக. இன்னமும் நாம் காலையே பார்த்துக்கொண்டிருந்தால், லாரி கடந்து போய்க்கொண்டே இருக்கும்.